ஐஸ் கட்டினாலே கேஸ் குறைவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் ஓலைச்சுவடிகளையும் பழைய இதழ்களையும் பூஞ்சையிலிருந்து காப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, சுவடி அறைகளில் ஈரம் நீக்கும் எந்திரம், அதாவது டிஹியூமிடிஃபையர், இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. யோசனை சரியானதே. ஆனால் அந்த எந்திரம் பழுதானால் அதை நம் ஊர்களில் எப்படிப் பழுதுபார்க்கிறார்கள் என்பதைக் குளிர்சாதனத் தொழிற்பிரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு மழை தொடங்கிய நேரத்தில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் உள்ள தனியார் நூலகத்தார் என்னை அழைத்தார்கள். எந்திரம் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் சேரவில்லை என்பது அவர்களுடைய குறை. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை, பழுதுபார்க்க வந்தவர்கள் ‘கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைந்துவிட்டது’ என்று சொல்லி நிரப்பியிருந்தார்கள். கம்ப்ரசர் இருபது நிமிடம் ஓடும், பிறகு ‘டிக்’ என்று ஓவர்லோடு என்னும் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து நின்றுவிடும். எந்திரத்தின் தகட்டில் கேஸின் அளவு 180 கிராம் என்று அச்சிட்டிருந்தது. உள்ளிருந்த கேஸை, அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் மீட்பு சிலிண்டருக்கு மாற்றித் தராசில் வைத்தபோது, கம்ப்ரசர் எண்ணெயோடு கலந்து உள்ளேயே நின்றது போக, 260 கிராம் வந்தது. குறைவு என்று சொல்லி நிரப்பிய எந்திரத்தில் மிகுதியே நோயாகியிருந்தது. முதல் பழுதோ ஃபேன் மோட்டார் சுற்ற உதவும் கெபாசிட்டரில் (மின்தேக்கியில்) இருந்தது. 2 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது 1.1-க்கு இறங்கியிருந்தது. நூறு ரூபாய்கூடப் பெறாத பொருள் அது. அது வலுவிழந்ததால் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. காற்றோட்டம் குறைந்து, ‘காயில்’ எனப்படும் குளிர்ந்த குழாய்ச்சுருள் முழுவதும் ஐஸ் கட்டியது. ஐஸைக் கண்டவர் கேஸ் குறைவு என்று முடிவு கட்டிவிட்டார்.

இந்த எந்திரத்தில் அறைக் காற்று முதலில் குளிர்ந்த காயிலைத் தொட்டு ஈரத்தை நீராக உதிர்க்கிறது; அடுத்த கணமே, அதே பெட்டிக்குள் பின்னால் நிற்கும் சூடான காயிலைக் கடந்து, உலர்ந்து சற்று வெதுவெதுப்பாக வெளியேறுகிறது. ஆகவே ஐஸ் எங்கே கட்டுகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கேப்பிலரி குழாய், அதாவது கேஸைக் குளிர்ந்த காயிலுக்குள் விடும் மெல்லிய குழாய், வந்து சேரும் முதல் இரண்டு மூன்று வரிகளில் மட்டும் உறைபனி படிந்து, மீதிக் காயில் அறைச் சூட்டிலேயே காய்ந்து கிடந்தால் கேஸ் கசிவையோ கேப்பிலரி அடைப்பையோ சந்தேகிக்கலாம். காயில் முழுவதும் ஒரே சீராக ஐஸ் போர்த்தியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை வடிகட்டியும் ஃபேனும். அதே அறையில் ஏ.சி.யை 18 டிகிரியில் ஓடவிட்டு, ஐஸ் உருக்கும் சென்சாரும் வேலை செய்யாமல் போனால், குறையே இல்லாத எந்திரத்திலும் இதே காட்சிதான்.

கேஸை அளவுமானியின் அழுத்தத்தை மட்டும் பார்த்து நிரப்பும் பழக்கம் பெரிய ஏ.சி.யில் ஓரளவு தப்பிக்க இடம் தரலாம். மொத்தமே 200 கிராமுக்குள் அடங்கும் இந்தச் சிறு எந்திரத்தில் 30 கிராம் பிழை என்பது பெரும்பிழை. அறையின் வெப்பமும் ஈரமும் மாறும்போது அழுத்தமும் மாறிவிடும். கசிவு உண்மையிலேயே இருந்தால், இருக்கும் கேஸை மீட்டெடுத்து, உலர்ந்த நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு, தகட்டில் உள்ள எடையைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜனை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். குழாயைக் குத்தி மாட்டும் வால்வை அப்படியே விட்டுப் போவதும் தவறு, நாளடைவில் அதுவே அடுத்த கசிவாகிவிடுகிறது. புதிய சிறு எந்திரங்கள் சிலவற்றில் ஆர்-290, அதாவது புரொப்பேன், இருக்கிறது. தகட்டில் தீ அடையாளம் கண்டால், கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைப்புக் கருவியை அருகில் கொண்டுபோகவே கூடாது. ஆர்-22 கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி படிப்படியாக விலக்கப்பட்டு வருவது. ஆர்-410ஏ என்ற கேஸ், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. ‘கொஞ்சம் திறந்துவிட்டுப் புதிதாகப் போடலாம்’ என்பவரிடம் மீட்பு சிலிண்டர் எங்கே என்று தயங்காமல் கேட்கலாம்.

கட்டுப்பாட்டுப் பகுதியில்தான் பழுதுகள் அதிகம். அதைத்தான் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஈரப்பத சென்சார் தூசு படிந்து குறைவாகக் காட்டினால் எந்திரம் முன்னதாகவே நின்றுவிடும், பூஞ்சை வளரும். மிகுதியாகக் காட்டினால் இரவு பகலாக ஓடும். ஓலை உலர்ந்து நொறுங்கும். சுவடிக்கு இரண்டும் கேடு. இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சமையல் உப்பில் சில சொட்டு நீர் விட்டு, முழுதும் கரையாமல் ஈர மணல் பதத்தில் ஒரு மூடியில் வைத்து, அதனுடன் சிறிய ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு அடைத்துவைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி எத்தனை காட்டுகிறது என்று பார்த்துப் பிழையைக் குறித்துக்கொண்டு, பிறகு அதை எந்திரத்தின் சென்சாருக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். என் அனுபவத்தில், திரையில் 48 என்று காட்டிய ஒரு எந்திரத்தின் அருகே உண்மை அளவு 63 ஆக இருந்தது. தொட்டி நிறைந்ததாகப் பொய் சொல்லும் மிதவை சுவிட்ச், பாசி பிடித்த வடிகால் குழாய் ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கம்ப்ரசர் நின்றவுடன் மீண்டும் ஓட மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வது பழுதன்று. அதற்குள் சுவிட்சைத் தட்டித் தட்டிப் ‘போர்டு போய்விட்டது’ என்று முடிவு செய்ய வேண்டாம்.

பராமரிப்பு ஒப்பந்தம் போடும் நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு எத்தனை முறை வருவார்கள் என்பதோடு ஒப்பந்தம் நின்றுவிடக் கூடாது. மீட்ட கேஸின் எடை, ஏற்றிய எடை, வேக்குவம் அளவு, கெபாசிட்டரின் அளவீடு, சென்சார் ஒப்பீடு ஆகியவற்றை எழுதித் தந்தால்தான் பணம் என்று அதில் சேருங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களின் பட்டறையில் ஃபிரிட்ஜுக்கும் ஸ்பிளிட் ஏ.சி.க்கும் பக்கத்தில் இந்த எந்திரம் ஒன்றையாவது நிறுத்துங்கள் என்பது அரசுக்கு என் வேண்டுகோள். நான் பாடம் நடத்திய காலத்தில் எங்கள் பட்டறையில் ஒன்றுகூட இருந்ததில்லை. மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டினேன். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த நூலகத்து எந்திரத்தின் மூடிக்கு உட்புறம், ‘180 கிராம், தராசில் நிறுத்தது’ என்று தேதியோடு எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்த மழைக்கு அது கேஸ் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்சாதனத் தொழிற்பிரிவுப் பயிற்றுநர்,
நாகப்பட்டினம்.