அண்ணாச்சி, பையனை ஜூன் பரீட்சைக்கு அனுப்பி வையுங்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மளிகைக்கடை நடத்தும் நெல்லைச் சீமை அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். நான் ராதாபுரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்த உங்களில் சிலரிடம், கடையில் நிற்கும் பிளஸ் டூ பையன்களை ஜூன் துணைத்தேர்வுக்கு அனுப்பி வைப்பதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். பொங்கப்பானைக்கும் கார் சாவிக்கும் நடுவில் நின்று பேசி முடிகிற விஷயமாக அது இல்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

போன மாதம், 2023 மார்ச் 13-ஆம் தேதி பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை நடந்தது. மாநிலம் முழுக்க 50,000 பேருக்கு மேல் எழுத வரவில்லை என்று பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள். கணக்குக்கும் இயற்பியலுக்கும் பயந்து வராதவர்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். இவர்கள் தமிழுக்கே வரவில்லை. எங்கள் பள்ளியிலும் காலியாகக் கிடந்த பெஞ்சுகளில் பதிவெண் மட்டும் ஒட்டியிருந்தது. அந்த எண்களுக்கு உரிய பையன்களில் ஏழெட்டுப் பேர் அன்று காலை உங்கள் கடைகளில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பையன் எந்த ஏரியாவில் இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும்.

இந்தச் செட்டின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டியபோது இவர்கள் ஒன்பதாம் வகுப்பு. முழுப்பரீட்சை எழுதாமலே பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்பு பெரும்பாலும் போனிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் ஓடியது. 2021 ஜனவரி 19-இல் பள்ளி திறந்து, ஆட்கள் முகம் பழகுவதற்குள் மார்ச்சில் மறுபடி மூடினோம். அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே கிடையாது. மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் போட்ட சான்றிதழ்தான் கையில் வந்தது. அப்புறம் செப்டம்பர் 1-இல் பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி திறந்தோம். அடுத்த ஜனவரியில் மூன்றாம் அலை வந்து இன்னொரு பூட்டு. 2022 மே மாதம் பிளஸ் ஒன் பரீட்சை எழுத உட்கார்ந்தபோதுதான் இவர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பொதுத்தேர்வு ஹாலைப் பார்த்தார்கள். பதினாறு பதினேழு வயது வரை ஒரு பெரிய பரீட்சையும் எழுதிப் பழகாத பிள்ளைகளுக்கு அந்த ஹால் எவ்வளவு பயம் தரும் என்பதை மேற்பார்வைக்கு நின்ற எங்களுக்குத்தான் தெரியும். அதிலேயே சிலர் வரவில்லை. பிளஸ் ஒன்னில் பாக்கி வைத்தாலும் பிளஸ் டூவுக்குப் போகலாம் என்பது அப்போது விதி. அதனால் பெயர் பதிவேட்டில் ஏறிக்கொண்டே போனது, ஆள் மட்டும் இல்லை.

போன் வழியாக நடந்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வீட்டில் ஒரு போன், அது கொத்தனார் வேலைக்குப் போகும் அப்பாவோடு காலையிலேயே கிளம்பிவிடும். அது திரும்பி வரும் நேரத்தில்தான் பிள்ளைக்கு வகுப்பு. நான் வாட்ஸ்அப் குழுவில் காலையில் போட்ட கணக்குகளுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் விடை போட்டோவாக வரும். ஒரு பையனின் விடை தொடர்ந்து மளிகைத் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் வந்தது. நோட்டு வாங்கக் காசில்லை போல என்று நினைத்து, சீட்டைத் திருப்பி முன்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். புளி அரைக் கிலோ, வத்தல் கால் கிலோ, உளுந்து இரண்டு கிலோ. சீட்டுக்குக் கீழே தெரிந்தது சாக்கு மூட்டை. கூப்பிட்டுக் கேட்டேன். "மெட்ராஸ்ல மாமா கடைல நிக்கேன் சார், கடை சாத்துன பொறவுதான் போட முடியுது" என்றான். கணக்கு எல்லாம் சரியாக இருந்தது, அண்ணாச்சி. நாள் முழுக்க நின்ற பையன், ஷட்டரை இறக்கியபின் மூட்டை மேல் உட்கார்ந்து இருபடிச் சமன்பாடு போட்டிருக்கிறான். சிக்னல் கிடைக்காத காரையாறு மலைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை.

அவனைப் போன்றவர்கள் போனை வைத்துக்கொண்டே பள்ளியை விட்டு நழுவினார்கள். குழுவில் பெயர் இருந்ததால் நாங்கள் அவர்களைப் பள்ளிக்காரர்களாக எண்ணினோம். வேலை பார்த்ததால் நீங்கள் கடைக்காரர்களாக எண்ணினீர்கள். பள்ளி திறந்தபோது சிலர் திரும்பி வந்தார்கள். குரல் உடைந்து, ஒரு முழம் வளர்ந்து, மீசை அரும்பி வந்த அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முக்கால் கிலோ பருப்புக்கும் அரைப்படி எண்ணெய்க்கும் சேர்த்து நாம் பேனாவை எடுப்பதற்குள் கூட்டிச் சொல்வார்கள். ஆனால் ஒரு பீரியடு முழுக்க உட்கார முடியவில்லை. ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதினால் கை வலிக்கிறது என்றார்கள். மாதாமாதம் வீட்டுக்கு வந்த சம்பளம் நின்றுபோனது வேறு அவர்கள் மனசை அரித்தது. அரையாண்டுப் பரீட்சைக்குள் பாதிப்பேர் மறுபடி ரயிலேறிவிட்டார்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பதினான்கு வயது முடிந்த பையனைக் கடை வேலைக்கு வைப்பதைச் சட்டம் முழுதாகத் தடுக்கவில்லை, நேரத்துக்கும் ஓய்வுக்கும்தான் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஊரடங்கில் வேலை இல்லாமல் கிடந்த எத்தனையோ வீட்டுக்கு உங்களில் சிலர் அரிசி வாங்கப் பணம் அனுப்பினீர்கள். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டவும் குடிதண்ணீர் மெஷினுக்கும் முதலில் வருவது உங்கள் பணம்தான். கடை வேலையும் கேவலமான வேலை இல்லை. உங்களில் பலர் எட்டாம் வகுப்போடு ரயிலேறி, அடுத்தவர் கடையில் மூட்டை தூக்கி, சொந்தக் கடை போட்டவர்கள். "நான் படிச்சா முதலாளி ஆனேன்?" என்று கோயிலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே அண்ணாச்சியின் மகன் இன்று இன்ஜினியரிங் படிக்கிறான். தன் பிள்ளைக்கு வேண்டும் என்று அவர் நினைத்தது, தன் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் வேண்டும்தானே.

அதுவும் இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்பு இல்லாத வழிகள் திறந்திருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், அடுத்த வருஷம் இன்ஜினியரிங், விவசாயம் போன்றவற்றிலும் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும். பிளஸ் டூ என்ற ஒரு படியில் பையன் கால் வைக்காமல் நின்றுவிட்டால், அவன் ஆறாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்த தகுதி அத்தனையும் வீணாகிறது. எல்லாரும் டாக்டராகப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். வணிகவியல் எடுத்துப் படித்து, கணக்குப்பதிவியலில் நல்ல மார்க் வாங்கி, உங்கள் கடைக்கே ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தரட்டுமே. பற்றும் வரவும் அவனுக்கு உங்கள் கடன் நோட்டிலேயே பாதி பழகிவிட்டது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் உங்கள் கடைக்கு வரவில்லை. பள்ளி பூட்டியிருந்த நாட்களில் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பீடி சுற்றச் சுளகை மடியில் வைத்தவர்களில் சிலர், திறந்த பிறகும் அதை இறக்கி வைக்கவில்லை. சிலருக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்தால் 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் பெயரிலேயே வருகிறது. நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் "சரி சார், பாப்போம்" என்கிறார்கள். நீங்கள் கோயில் கொடைக்கு வரும்போது திண்ணையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மதிப்பே வேறு. பையனுக்குச் சொல்லும்போது அவன் தங்கச்சிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். மே மாதம் ரிசல்ட் வந்ததும் துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும், பரீட்சை ஜூனில். வராமல் போனவர்களும் எழுதலாம். பிளஸ் ஒன் பாக்கி இருந்தால் அதற்கும் துணைத்தேர்வு உண்டு. கடையில் நிற்கும் பையனிடம் பிளஸ் டூ எழுதினாயா என்று நீங்களே கேளுங்கள். இல்லை என்றால் மே முதல் வாரத்தில் ரயிலேற்றி விடுங்கள், வள்ளியூரில் இறங்கினால் போதும். அந்த இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், அது வீட்டுக்குப் போனால்தான் பையன் இங்கே நிம்மதியாக உட்காருவான். பரீட்சை முடிந்து அவன் திரும்பி வர விரும்பினால் வேலை இருக்கும் என்று அவன் அம்மாவிடம் போனில் சொல்லிவிடுங்கள்.

இங்கே கோடை விடுமுறையிலும் காலை ஒன்பது முதல் மதியம் வரை நாங்கள் வகுப்பு எடுப்போம். கணக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். தமிழம்மாவும் வணிகவியல் சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். வேறு ஊர்ப் பள்ளியில் பெயர் உள்ள பையன் என்றாலும் அனுப்புங்கள், அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஆதார் நகலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் பையில் இருக்கட்டும். தேர்வுக் கட்டணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், அது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டத்து அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்
ஏப்ரல் 2023