டிஸ்க்கை அழிக்காதீர்கள்: எங்கள் சனசமூக நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் மாஸ்ரர், செயலாளர் அண்ணை, பொருளாளர் அண்ணை மற்றும் நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. கணினி அறையின் மூலை மேசையில் பிள்ளைகள் கேம் விளையாடிய கணினியின் ஹாட் டிஸ்க் கழற்றப்பட்டு, இப்போது செயலாளர் அண்ணையின் இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது. இந்தக் கிழமை முடிவதற்குள் அதில் உள்ளதை அழித்துவிட்டு, வாசலில் பூட்டப்போகிற சிசிடிவி கமராவுக்கு அதைப் போடப்போவதாக ஊருக்குள் கதை அடிபடுகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்த டிஸ்க்கை அழிக்காதீர்கள். இருந்தபடியே திருப்பித் தாருங்கள்.

கூட்ட அறிக்கையில் 'யுத்த விளையாட்டு' என்று எழுதியிருக்கிறீர்களாம். எழுதியவர் ஒரு தடவையாவது அந்தத் திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாரா என்று மரியாதையுடன் கேட்கிறேன். அதில் இருப்பது ஃபோல்அவுட் 4. 2015 நவம்பரில் வெளிவந்த கணினி கேம். கதை நடப்பது அமெரிக்காவில், பொஸ்டன் பக்கம். 2077 ஒக்ரோபர் 23இல் அணுகுண்டு விழுகிறது. நாங்கள் நடத்துகிற ஆள் நிலத்துக்குக் கீழே ஒரு பங்கருக்குள் உறைந்து கிடந்து, 2287இல் எழும்பி வெளியே வருகிறார். ஊர் இல்லை. வீட்டுக்குக் கூரை இல்லை. வீட்டு வேலைக்கு நின்ற ரோபோ ஒன்று மட்டும் இருநூறு வருசமாக அந்த இடிந்த வீட்டைத் துப்புரவாக்க முயன்றுகொண்டே இருக்கிறது.

துப்பாக்கியும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேமுக்குள் ஊர் கட்டுவது என்று தனியாக ஒரு வேலை உண்டு. எங்கள் பிள்ளைகள் பின்னேரங்களில் குந்தியிருந்து செய்தது அந்த வேலையைத்தான். விழுந்த மரம், பழைய கார், உடைந்த கதிரை எல்லாவற்றையும் பிரித்தால் பலகை, இரும்பு, சீமெந்து, திருகாணி என்று கையில் வரும். அதை வைத்துச் சுவர் எழுப்பலாம், கூரை போடலாம், ஜெனரேற்றர் வைத்து வயர் இழுக்கலாம். பசை எப்போதும் தட்டுப்பாடு. அதற்கும் வழி இருக்கிறது. சோளத்தையும் இன்னும் இரண்டு பயிர்களையும் நட்டு, சுத்தமான தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி எடுக்கலாம். வந்து குடியேறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், ஒரு பங்கு சாப்பாடு, ஒரு பங்கு தண்ணீர் வேண்டும். கட்டிலுக்கு மேலே கூரை இல்லாவிட்டால் ஊரின் மகிழ்ச்சிப் புள்ளி கீழே இறங்கும். 2010இல் தறப்பாளுக்குக் கீழே மாரி மழையைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

யுத்த விளையாட்டு என்று சொன்னவருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கேமில் ஒரு ஊருக்குள் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். மூலையில் ஒரு பட்டை இருக்கும். அது நிரம்பினால் அதற்குப் பிறகு ஒரு செங்கல்கூட வைக்கமுடியாது. எங்கள் பிள்ளைகள் அதற்கு ஒரு தந்திரம் படித்திருக்கிறார்கள். உலகம் முழுக்க இந்தக் கேமை விளையாடுகிறவர்கள் செய்கிறதுதான். கையில் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் நிலத்தில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தால் அந்தப் பட்டை குறையும். வீடு கட்ட இடம் கிடைக்கும். சேர்த்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தியது இதற்குத்தான்.

சரி, இனி டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

கடைசி ஒழுங்கையில் இருக்கிற ஆச்சியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பழைய வளவு இன்னும் இராணுவ முகாம் வேலிக்கு உள்ளே இருப்பதும் தெரியும். பேரனைக் கூட்டிக்கொண்டு போக ஒருநாள் கணினி அறைக்கு வந்தவர், பொருட்களைச் சுமந்துகொண்டு ஊருக்கு ஊர் போகிற இரண்டு தலை மாட்டைத் திரையில் பார்த்துவிட்டு, "இது எந்தத் தலையால தின்னும்?" என்று கேட்டபடி கதிரையில் இருந்தார். அப்புறம் எழும்பவில்லை. முதலில் கட்டத் தொடங்கிய ஊரைக் காட்டினோம். அங்கே பழைய வீடுகள் சிலவற்றின் கூரை ஓட்டையை அடைக்கவும் முடியாது, வீட்டைப் பிரிக்கவும் முடியாது, தரையில் கிடக்கிற குப்பையைக் கூட்டவும் முடியாது. கேமைச் செய்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். "ஒரு விளக்குமாறு இல்லாம என்ன ஊர்?" என்று ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபம் நியாயம்.

அதனால் கடலுக்குள் இருக்கிற ஒரு பெரிய தீவுக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கினோம். பேரன்தான் கேட்டான், "ஆச்சி, உங்கட வீட்டைக் கட்டுவமா?" என்று. அவர் சொல்லச் சொல்லக் கட்டினோம். விறாந்தையை வைத்தோம். "அது பின்பக்கம் மோனை" என்றார். கழற்றித் திருப்பி வைத்தோம். அடுப்படி வீட்டோடு ஒட்டி இருக்கக்கூடாதாம். இரண்டு எட்டுத் தள்ளி, நடுவில் மழைக்கு ஒரு சாய்ப்பு. அதையும் செய்தோம். கிணறு கட்ட வழியில்லை, கைப்பம்புதான் இருக்கிறது. ஒரு பம்பில் மூன்று பேருக்குத் தண்ணீர் வரும். அதைச் சுற்றிச் சீமெந்துத் துண்டுகளை நெருக்கி வைத்துக் கட்டுக்கிணறு மாதிரி ஆக்கினோம். "கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த உலகத்தில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை, நிற்பதில் பெரும்பாலானவை பட்டமரங்கள். வேலியோரமாக மின்கம்பங்களை நட்டு அவற்றைப் பனை என்று வைத்துக்கொண்டோம். கிடுகு கிடைக்காததால் துருப்பிடித்த தகரத்தைக் கூரைக்குப் போட்டோம். அதைப்பற்றி ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. தகரத்துக்குக் கீழே கன காலம் இருந்து பழகியவர்.

ஆச்சியைக் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தின் கிழக்குக் கேற் எங்கே இருந்தது என்று காட்டினார். இன்னொருவர் கோயிலுக்குப் போகிற பாதை வளைந்துதான் போகும் என்று சண்டை பிடித்தார். கோயிலைக் கட்டினோம். பிள்ளையார் கிடைக்காததால் உள்ளே ஒரு விளக்கு மட்டும் வைத்திருக்கிறோம். பொருளாளர் அண்ணை, உங்கள் ஐயாவின் கடையும் அதற்குள் இருக்கிறது. சந்தியில் திரும்பியவுடன், இடது பக்கம். தமிழ் எழுத்து அந்தக் கேமில் இல்லாததால் பெயர்ப்பலகை மட்டும் வெறும் பலகையாகத் தொங்குகிறது. அந்தக் கடைக்கு இரண்டு கதவா, மூன்று கதவா என்று உங்களைக் கேட்கவேண்டும் என்று இருந்தோம். அதற்குள் நீங்கள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டீர்கள்.

2017இல் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவுச் சனம் இராணுவம் பிடித்துவைத்திருந்த தங்கள் காணிக்காக முகாமுக்கு முன்னால் குந்தியிருந்தபோது, எங்கள் நிலையத்தில் இருந்து வாகனம் பிடித்துப் போனவர்களில் பலர் இப்போதைய நிர்வாகத்தில் இருக்கிறீர்கள். ஒரு வளவுக்குள் போகமுடியாமல் இருப்பது என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆச்சி தன் வளவுக்குள் போய்வர இருந்த ஒரே படலை அந்த டிஸ்க்தான். இப்போது அதற்கும் ஒரு அலுமாரிப் பூட்டு. பேரனிடம், "அந்தத் திண்ணை முடிஞ்சுதோ?" என்று கேட்கிறாராம். அவன் சோதனை முடியட்டும் என்று பொய் சொல்லிச் சமாளிக்கிறான்.

எங்களைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவெடுப்பது எங்களுக்குப் புதிதில்லைத்தான். யுத்தத்துக்குப் பிறகு வந்த 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கையில் தந்து, நீயே கட்டு என்றார்கள். காசு காணாமல் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு, ஆனாலும் கதவை எந்தப் பக்கம் வைப்பது என்பதையாவது வீட்டுக்காரர் முடிவு செய்தார். அதற்குப் பிறகு 65,000 இரும்பு வீடு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இந்த வெயிலுக்கு இரும்பு வீட்டில் யார் இருப்பது என்று அப்போது வாசிகசாலைத் திண்ணையில் இருந்து பேசியவர்கள் யார்? நீங்கள்தான். இருக்கப்போகிறவனைக் கேட்காமல் வீடு கட்டக்கூடாது என்று அன்றைக்கு எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்! கட்டியவனைக் கேட்காமல் அழிக்கக்கூடாது என்பது மட்டும் ஏன் மறந்துபோனது?

இன்னொன்று. கணினி அறைக்கு வெளிநாட்டு உறவுகள் பணம் அனுப்பினார்கள். அவர்கள் பெயர் பொறித்த கல் வாசலில் பளபளவென்று இருக்கிறது, நல்லது. உள்ளே மழைக்கு ஒழுகுகிற மூலைக்கு ஒரு ஓடு மாற்றக் காசில்லை, கமராவுக்குக் காசு இருக்கிறது. கமரா எதைப் பார்க்கப்போகிறது என்று தெரியவில்லை. பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு டிஸ்க்கையும் கழற்றியபின் அந்த அறைக்குள் பல்லியைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை. பல்லியின் நடமாட்டத்தைப் பதிவு செய்ய 500 ஜிபி கொஞ்சம் கூட.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன்: டிஸ்க்கை அழிக்காதீர்கள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு உங்களிடம் நியாயமும் இருக்கலாம். பின்னேரம் சின்னப் பிள்ளைகள் வருகிற அறையில் சூட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்றால், சத்தத்தை முழுதாக நிறுத்திவிடுகிறோம். உயர்தரம் படிக்கிறவர்களுக்குக் கணினி தேவை என்றால், அவர்கள் போனபின் ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். கேமையே பார்க்கச் சகிக்கவில்லை என்றால் அதைத் தூக்கிவிடுங்கள், அது வெறும் 30 ஜிபி, பிறகு எப்படியாவது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நாங்கள் கட்டிய ஊர் சேமிக்கப்பட்டிருப்பது சில மெகாபைட் கோப்பு ஒன்றில். அது வேறெங்கும் இல்லை. அந்தக் கணினிக்கு இன்ரநெற் இணைப்புத் தரக்கூடாது என்று முடிவெடுத்ததும் நிர்வாகம்தான் என்பதால், வேறு இடத்தில் பிரதி இருக்க வழியும் இல்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன காலத்தில் தொடங்கிய வேலை இது. கரண்ட் வந்துபோகிற இடைவெளியில் கட்டிக் கட்டிச் சேமித்தது. அதை ஒரு பொத்தானில் அழிக்கவேண்டாம்.

சிசிடிவிக்கு டிஸ்க் தேவை என்பதுதான் பிரச்சினை என்றால் அதையும் தீர்த்துவிட்டோம். பிள்ளைகளும் நாங்களுமாகக் காசு சேர்த்துக் கிளிநொச்சியில் புது டிஸ்க் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பில் நிலையத்தின் பெயரில் இருக்கிறது, கணக்கறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அதைக் கொண்டுவருகிறோம். ஆச்சியும் வருகிறார். செயலாளர் அண்ணை அலுமாரித் திறப்போடு நின்றால் போதும், ஒன்றைத் தந்து மற்றதை எடுத்துக்கொண்டு போகிறோம். பொருளாளர் அண்ணையும் வரமுடிந்தால் நல்லது, கடைக்கு எத்தனை கதவு என்று அன்றைக்கே கேட்டு முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கணினி அறைப் பிள்ளைகள் சார்பாக,
சந்தா தவறாமல் கட்டிவருகிற ஓர் அங்கத்தவன்