நீலப் பேனாவின் சொந்தக்காரிக்கு

என் வலது கால் வீடு திரும்பி இன்றோடு 9 நாள். அஞ்சு விரலும் பத்திரம். தொடை ரத்தக்குழாய் அடைத்து, காலையே எடுக்கிற நிலைக்கு வந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி ஓட்டப்போவதில்லை.

காப்பீட்டுக் காகிதங்களுக்காக அலைந்து என் காலுக்குப் பதில் தன் காலைத் தேய்த்துக்கொண்ட மருமகன், முறை போட்டுக்கொண்டு ராத்துணைக்கு வந்த டெப்போ நண்பர்கள், இட்லிக்குக் காசு வாங்க மறுத்த ஆஸ்பத்திரி வாசல் கடை அக்கா, எல்லோருக்கும் கும்பிடு. முதலில் போன இடத்தில் 'முட்டிக்குக் கீழே எடுத்துடலாம்' என்றதும் நான் கையெழுத்துப் போடக் குனிந்தேன். "இன்னொரு டாக்டரைப் பார்க்காம போடக்கூடாது" என்று பேனாவைப் பிடுங்கியவள் என் மனைவி. அவளுக்கு மடலில் நன்றி சொன்னால் திட்டுவாள்.

அந்த இன்னொரு டாக்டர் படம் வரைந்தே விளக்கினார். அடைப்பு வலது தொடையில், துளை போடுவதோ இடது தொடை இடுக்கில். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாயோடு மேலே ஏறி, வயிற்றுக்குள் ரத்தக்குழாய் பிரிகிற இடத்தில் திரும்பி, வலப்பக்கம் இறங்குவார்களாம். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்கு ரூட் உடனே புரிந்துவிட்டது. பலூனை ஊதி வழி விட்டு, நிட்டினால் ஸ்டென்ட் வைத்தார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த வலை அது, நடக்கையில் தொடை மடங்கினாலும் முறுக்கினாலும் பழையபடி விரிந்துகொள்ளும். மரத்துப்போக ஊசி போட்டது இடுக்கில் மட்டும்தான். நான் முழித்துக்கொண்டேதான் இருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி ஒரு மணி. இடது காலை மடக்காமல் மல்லாந்து கிடக்கச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரையால் மரத்த பாதம், உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி அடைத்துக்கொண்டதோ என்று பயம். யாரையும் கூப்பிட வெட்கம். பயிற்சிக்கு வந்த நர்ஸ் பெண் ஒன்று, என் மகளைவிடச் சின்னது, தானாக வந்து நின்றது. "என்ன தாத்தா, தூங்கலையா?" தாத்தா என்றது கொஞ்சம் சுட்டது. விஷயத்தைச் சொன்னேன். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது போய், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கிற டாப்ளர் கருவியை எடுத்து வந்தது. புறங்காலில் ஜெல்லைத் தடவி, பென்சில் மாதிரி இருந்ததை வைத்து அங்குமிங்கும் தேடியது. சத்தமே இல்லை. எனக்குத் தொண்டை வறண்டது. அப்புறம் கேட்டது. புஸ்க்... புஸ்க்... புஸ்க். டெப்போவில் வண்டி ஏர் விடுகிற மாதிரியே.

"இதான் உங்க ரத்தம் ஓடுற சத்தம் தாத்தா." ஜெல்லைத் துடைத்து, அந்த இடத்தில் நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டது. என் மனைவியை எழுப்பி, அவள் இரண்டு விரலை அதன்மேல் வைத்தது. "பயமா இருந்தா இங்க தொட்டுப் பாருங்கம்மா." நான் தூங்கிப்போனேன்.

வீட்டில் கிடக்கையில் படித்தேன். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில், காலை வெட்ட விடமாட்டேன் என்று அடம்பிடித்த 82 வயது அம்மா ஒருவருக்குத்தான் சார்ல்ஸ் டாட்டர் என்ற மருத்துவர் குழாய் செலுத்தி முதன்முதலாகக் கால் அடைப்பைத் திறந்திருக்கிறார். அப்போது பலூனும் இல்லை, ஸ்டென்ட்டும் இல்லை. சாகும்வரை அந்த அம்மா சொந்தக் காலில்தான் நடந்தாராம். நமக்கு இன்னும் இருபது வருஷம் பாக்கி இருக்கிறதே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீடிக்கட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டது அன்றைக்குத்தான். இதை ஊரறியச் சொல்வதே, கடைப்பக்கம் நான் நின்றால் நீங்கள் பிடித்துத் திட்டட்டும் என்றுதான்.

தாயி, உன் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். பேனாவை என் தலையணை ஓரத்திலேயே விட்டுப் போயிருந்தாய், மூடி கடித்திருக்கிறது. குளித்தால் குறி அழிகிறது, அதனால் தினமும் காலையில் அதை வைத்தே திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். வருகிற வியாழக்கிழமை செக்கப்புக்கு வருவேன். பேனாவைக் கொண்டுவருகிறேன், மை கொஞ்சம் குறைந்திருக்கும்.