தீபாவளிக்கு முன்னால் செல்லப்பிராணி வளர்ப்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினாலே கடைக்கு வருபவர்கள் அதிகம் கேட்பது, “நாயைத் தூங்க வைக்க ஏதாவது மாத்திரை இருக்கிறதா?” என்பதுதான். நாங்கள் அதைத் தருவதில்லை, காரணம் இருக்கிறது. இதற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அசெப்ரோமசின் உடம்பைத்தான் தளர்த்தும், பயத்தைக் குறைக்காது. நாய் அசையாமல் கிடக்கும். வெடிச்சத்தம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும், எழுந்து ஓடி ஒளியத்தான் முடியாது. பயத்தையே குறைக்கும் மருந்துகள் உண்டு. டிராசோடோன், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே போய், ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சத்தம் தொடங்க ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு.

மருந்தைவிட முக்கியம் அறை. தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத உள்ளறையை இப்போதே ஒதுக்கி, படுக்கை, தண்ணீர், பழகிய துணி எல்லாம் போட்டு, தினமும் அங்கேயே சாப்பாடு வையுங்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே விட்டுப் பூட்டினால் அடைத்துவைத்ததாகவே அதற்குத் தோன்றும். ஜன்னலுக்குக் கனமான திரை, உள்ளே மின்விசிறி, டிவி ஓடட்டும். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள், பூனையை நிச்சயமாக வேண்டாம். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள். கொஞ்சினால் பயம் கூடும் என்பது தவறான எண்ணம்.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரைதான். தெருவில் அப்படி நடப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் காலையில் ஐந்து மணிக்குள்ளும், மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே ஐந்து மணிவாக்கிலும் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியே கழன்றுவிடும். பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கி, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் போட்டு, இரண்டிலும் கயிற்றை மாட்டுங்கள். பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்க வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பில் இருப்பது ஓர் அடையாள எண் மட்டுமே, நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டார் வந்து கதவு திறந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பல நாய்கள் ஓடிவிடுகின்றன. உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வாசல் கதவைத் திறங்கள்.

தட்டில் இருப்பதையும் கவனியுங்கள். லட்டு, கேசரியில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது, தின்றது தெரிந்த உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிடால் கலந்த சர்க்கரையில்லா இனிப்புகளும் நாய்க்கு நஞ்சு. வெங்காய பக்கோடா, பூண்டு போட்ட மிக்சர் இரண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், பூனைக்கு இன்னும் மோசம். வெந்த கறி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி சூடு ஆறச் சில நிமிடம் ஆகும். தரையில் எறியாமல் தண்ணீர் வாளியில் போடுங்கள். பாதம் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 10 முதல் 20 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். பற்பசை, நெய், ஐஸ் வேண்டாம். வலிக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும்.

பறவைக் கூண்டை பால்கனியிலிருந்து உள்ளே எடுத்துவிடுங்கள். புகை அவற்றை மிக விரைவில் பாதிக்கும். காக்கடீல் கிளி இருட்டில் மிரண்டு சிறகடித்துக் காயப்படும், சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். மீன்தொட்டியின் காற்று பம்ப் அறையில் உள்ள காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது, எனவே அந்த அறை ஜன்னலையும் சாத்துங்கள். முயல் அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் இயக்கம் நின்றுபோகலாம், காத்திருக்க வேண்டாம்.

உங்கள் மருத்துவமனை தீபாவளி இரவு திறந்திருக்குமா என்று இப்போதே கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று எங்கள் கடை விடுமுறை. தீவனம், பூனை மணல், ஹார்னஸ் தேவைப்படுபவர்கள் முந்தின நாள் மாலைக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்னஸ் வாங்க வரும்போது நாயையும் கூட்டி வாருங்கள், மார்புச் சுற்றளவை அளந்து மாட்டிப் பார்த்தே தருகிறோம்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்