16 தானியச் சத்துமாவும் ஆறு மாதப் பிள்ளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் முழுத்தானிய உணவு பற்றி வந்த கட்டுரையை மகளையும் மருமகனையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். தீட்டிய அரிசியையும் கோதுமை மாவையும் குறைத்து, தவிட்டுச் சிவப்பரிசி, குரக்கன், சாமை, பயறு என்று பழைய சமையலுக்குத் திரும்பச் சொன்னது மிகவும் சரி. காலையில் பாண், இரவில் கொத்து ரொட்டி என்று வாழும் எங்கள் மாடிக் குடியிருப்பில் நீரிழிவு மாத்திரை இல்லாத வீடு அரிது. ஆனால் கடைசிப் பத்தியில், இத்தகைய தானியங்களை வறுத்து அரைத்த 16 தானியச் சத்துமாவைத் தேன் விட்டுக் கரைத்து ஆறு மாதப் பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்ததைக் கண்டு பதறிவிட்டேன்.

முதலில் தேன். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது. பச்சைப் பிள்ளையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே திணறும். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியாத நிலையில், பத்திரிகையும் அதற்குத் துணைபோகலாமா?

சத்துமா விடயத்தில் நான் பட்டதையே சொல்கிறேன். மகள் வேலைக்குத் திரும்பியபோது பேரனுக்கு ஏழு மாதம். வெள்ளவத்தைச் சந்தையில் குரக்கன், சோளம், உளுந்து, கடலை, கச்சான் என்று தேடித் தேடி வாங்கி, வறுத்து, மில்லில் அரைப்பித்தேன். கட்டியாக இருந்தால் விக்கிவிடுமோ என்ற பயத்தில் தண்ணீராகக் காய்ச்சி, சூப்பியின் துளையைப் பெரிதாக்கிப் போத்தலில் கொடுத்தேன். வயிறு நிறைந்து நன்றாகத் தூங்கினான். இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்கில் நிறுத்தபோது, பிள்ளையின் வளர்ச்சியைக் குறிக்கும் புத்தகத்தில் எடைக் கோடு ஏறாமல் கிடையாகப் போயிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது.

மருத்துவ மாது என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு சிறு கோப்பையைக் காட்டி, "அம்மா, பிள்ளையின் வயிறு இவ்வளவுதான். இதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சாப்பாட்டுக்கு எங்கே இடம்?" என்று கேட்டார்.

தவிடும் நாரும் வயிற்றை நெடுநேரம் நிறைத்து வைப்பதால்தான் நமக்கு நன்மை. சிறு வயிறும் பெரும் பசியுமாக வளரும் பிள்ளைக்கு அதே குணம் பாதகம். அதோடு, பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் தீரத் தொடங்குகிறது. 7 முதல் 12 மாதம் வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கே 8 மில்லிகிராம்தான்! தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலமோ தானியத்தின் இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே மாவை மட்டும் நம்பியிருக்காமல் முட்டை, முள் நீக்கிய மீன், கோழி ஈரல் ஆகியவற்றையும் மசித்துக் கொடுக்க வேண்டும். பதினாறையும் ஒன்றாகக் கொடுத்து மேலில் தடிப்பு வந்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குரக்கனைக் கைவிடச் சொல்லவில்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உள்ள தானியத்தை யார் விடுவார்கள்? அதை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டி, காயவைத்து அரைத்தால் பைட்டிக் அமிலம் குறையும். முளையில் உண்டாகும் நொதியம் மாப்பொருளை உடைப்பதால், அதிகம் தண்ணீர் விடாமலே கூழ் இளகும். அதே கோப்பைக்குள் கூடுதல் மா அடங்கும். கருக வறுத்தால் அந்த நொதியம் அழிந்துவிடும். காய்ச்சும்போது மட்டும் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

இப்போது குழைந்த சோறு, பருப்பு, மீன், பூசணி என்று மசித்து, கரண்டியைச் சரித்தால் வழியாத பதத்தில் தீத்துகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல், ஆறு மாதம் நிறைந்ததும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை; கூடவே தாய்ப்பால். குரக்கன் கூழ் வாரத்தில் இரண்டு நாள். எடைக் கோடு மீண்டும் ஏறத் தொடங்கியிருக்கிறது.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், தேன் பற்றிய திருத்தத்தைப் பெரிய எழுத்தில் பிரசுரியுங்கள். எங்கள் கீழ்மாடி வீட்டார் அந்தக் கட்டுரையை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஐந்து மாதப் பிள்ளை இருக்கிறது.

ஓர் அம்மம்மா,
வெள்ளவத்தை, கொழும்பு - 06.