காலணி அடுக்கில் நின்ற தங்கைக்கு

அன்று எங்கள் ரோலர் கோஸ்டர் வண்டி பயணிகளோடு ஏற்றத்திலேயே நின்றுபோன கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். நெஞ்சுப் படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, ரைடை இயக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, கோடை விடுமுறை வேலைக்கு வந்திருக்கும் ஒரு தங்கைக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதுதான் அவருக்கு முதல் வேலை. கால் தொங்கும் ரைடு என்பதால் காலணியைப் பிளாட்பாரத்தில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்த அடுக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை புதியவர்கள் தலையில்தான் விழும். பயணிகளை இருக்கையோடு பிடித்திருக்கும் பாரைச் சோதிக்கக்கூட விடவில்லை, செருப்பு காக்கிறோம் என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

ஏற்றத்தில் வண்டி நின்றால் செய்ய வேண்டியவை எங்கள் தாளில் வரிசையாக இருக்கின்றன. வண்டியை மேலே இழுக்கும் சங்கிலி மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து, மேலே போகும் ஒவ்வொருவரும் அந்தச் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி பின்னால் உருளாமல் தடுக்கும் கொக்கி, பாதையிலுள்ள பல்லில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வரிசையின் பாரைக் கையால் விடுவித்து, அவர்கள் இறங்கிக் கைப்பிடியைப் பிடித்த பிறகே அடுத்த வரிசை. வெறுங்காலோடு இருப்பவர்கள் வெயிலில் காய்ந்த இரும்பு வலைப்படியில் எப்படி இறங்குவார்கள்? அது தாளில் இல்லை. சுட்டால் கால் தானாகத் தூக்கும், அந்த உயரத்தில் அது போதும் நிலை தவற.

யாரும் சொல்லாமலே அந்தத் தங்கை வரிசைக்கு ஒரு பையாகக் காலணிகளைப் போட்டு, எண் எழுதி, படியடிக்குக் கொண்டுவந்துவிட்டார். பயிற்சி இல்லாதவர் மேலே ஏறக் கூடாது, ஏறவும் இல்லை. எல்லாம் தோளில் மாட்டும் பைகள். ஏறுகிறவரின் இரண்டு கையும் கைப்பிடிக்கு வேண்டுமே. பின்வார் இல்லாத செருப்புகளை மட்டும் தனியாக வைத்து, முதலுதவி அறையிலிருந்து கிரேப் பேண்டேஜும் வாங்கி வைத்திருந்தார். அந்தச் செருப்புகள் படியில் கழன்றால் போட்டிருப்பவரும் தடுமாறுவார், கீழே நிற்பவர் தலையிலும் விழும். மேலே மெக்கானிக் அவற்றைக் குதிகாலோடு சேர்த்துக் கட்டிவிட்ட பிறகுதான் ஒவ்வொருவரும் எழுந்தார்கள்.

இத்தனை ஒத்திகை பார்த்தும் எங்களுக்கு இது தோன்றவில்லை. ஒத்திகையில் இறங்குவது நாங்கள்தானே, அதுவும் பாதுகாப்பு ஷூவோடு!

தண்ணீர் கொண்டுவந்த உணவுக்கடைக்காரர்கள், வரிசையில் நின்றவர்களுக்கு விடாமல் நிலவரம் சொன்ன பிள்ளைகள், தீயணைப்பு வீரர்கள், செவிலியர்கள் எல்லோருக்கும் நன்றி. மேலே காத்திருந்த பயணிகளுக்கும்தான். பாரை இழுத்துப் பார்க்காமல், தன் முறை வரும்வரை எழ முயலாமல் உட்கார்ந்திருந்தீர்களே, பாதி வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

எண் போட்ட பைகளும் பேண்டேஜும் இனி பிளாட்பாரத்திலேயே இருக்கும். காலையில் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அவற்றையும் எண்ணிக் கையெழுத்துப் போடுவோம். அடுத்த கோடையில் புதியவர்களுக்கு அடுக்கு வேலையைச் சொல்லித்தர அந்தத் தங்கையையே கேட்டிருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார்.