ஆடியில் அந்த ரோடு வேண்டாம்

தாராவி, மும்பை

அன்பு மகள் ஜெயாவுக்கு,

நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். ஜூலையில் பிள்ளைகளுக்கு மஸ்கட்டில் பள்ளிக்கூடம் அடைத்ததும் மும்பையில் வந்து இறங்கி, இங்கே ஒரு கார் எடுத்து, மாப்பிள்ளை ஓட்ட, கடலைப் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் வரைக்கும் போகலாம் என்று எழுதியிருக்கிறாய். ஆசை நல்ல ஆசைதான் மக்களே. மாசம் சரியில்லை. அதோடு, வீடியோவில் இருக்கிற ரோடு வேறே, நாகர்கோவில் போகிற ரோடு வேறே.

நீ பார்த்தது மகாராஷ்டிரத்தில் ரேவஸிலிருந்து ரெட்டி வரைக்கும் கொங்கண் கரையோடு போகிற மாநில ரோடு. 1980களின் தொடக்கத்தில் அந்துலே அங்கே முதலமைச்சராக இருந்த காலத்துத் திட்டம். கழிமுகம் குறுக்கிடும் எல்லா இடத்திலும் இன்னும் பாலம் வந்து சேரவில்லை. தாபோலில் காரை ஃபெரியில் ஏற்றித்தான் அக்கரை போக வேண்டும். பைக்கில் சுற்றுகிற பையன்களுக்குக் கொண்டாட்டம். பின் சீட்டில் சின்னப் பிள்ளை வாந்தி எடுக்கும்போது அந்த ஃபெரித்துறையில் வரிசையில் நின்று பார், அப்புறம் சொல்.

நான் வண்டி ஓட்டினது பன்வேல் ரோட்டில். இன்றைக்குப் பலகையில் 66 என்று போட்டிருக்கிறார்கள், எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் பதினேழுதான். பன்வேலிலிருந்து கொச்சி எடப்பள்ளி வரைக்கும் 17. சேலத்திலிருந்து வருகிற 47 அங்கே வந்து சேரும், பிறகு நம்மூர் வரைக்கும் 47. 2010இல் நாடு முழுக்க நம்பரை மாற்றினபோது இரண்டையும் சேர்த்துக் கன்னியாகுமரி வரைக்கும் ஒரே நம்பராக்கினார்கள். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், ஐந்து மாநிலம்.

கடற்கரை ரோடு என்கிறார்களே தவிர, பென், மாண்காவ், மகாட், சிப்ளூண், ராஜாபூர், சாவந்த்வாடி என்று மகாராஷ்டிரம் முடிகிறவரை உனக்குக் கடல் தெரியாது. காரணம் இருக்கிறது. சஹ்யாத்ரி என்கிற மேற்குத் தொடர்ச்சி மலையும் கடலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில். மலையில் கொட்டுகிற மழை முழுவதும் கொஞ்ச தூரத்திலேயே கடலில் போய் விழுந்தாக வேண்டும். கடல் பக்கம் போகப் போக ஆறு அகலமாகிவிடும். பாலம் போட வேண்டுமென்றால் ரோட்டை உள்ளே தள்ளி, ஆறு ஒடுங்குகிற இடத்தைத் தேட வேண்டும். அதனால் இந்த ரோட்டைப் பற்றி டிரைவர்கள் பேச உட்கார்ந்தால் பாலத்தில்தான் வந்து நிற்பார்கள்.

நான் கிளீனராக ஏறின காலம், 1986 ஜூலை. பணஜியில் மாண்டவி ஆற்றின் மேலே இருந்த நேரு பாலம் விழுந்தது. கட்டிப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஊர்சனம் பழையபடி ஃபெரியில் ஏறி ஆற்றைத் தாண்டினது. அன்றைக்கு எங்கள் டிரைவர் அண்ணாச்சி, மழைக்காலத்தில் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்காமல் ஏறக்கூடாது என்றார். ஏறின பிறகு அந்தப் பாலத்துக்கு நடுவில் பிரேக்கும் போடக்கூடாது என்றார். இரண்டாவதற்கு அர்த்தம் இருக்கிறதோ இல்லையோ, நான் கடைசிவரை கடைப்பிடித்தேன்.

2016 ஆகஸ்ட் 2 ராத்திரி, மகாட் பக்கம் சாவித்திரி ஆற்றில் வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாலம் அடித்துப்போனது. இரண்டு அரசு பஸ்ஸும் ஒரு காரும் உள்ளே போய்விட்டன. இருட்டு, மழை, பாலம் இல்லை என்று தெரிய வழியே இல்லை. பக்கத்திலேயே இன்னொரு புதுப் பாலம் அப்படியே நின்றது. போக ஒன்று, வர ஒன்று என்று பழையதையும் ஓட்டத்தில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு 165 நாளில் வேறொரு பாலம் கட்டி 2017 ஜூனில் திறந்தார்கள். அந்த வேகம் முன்னாலேயே வந்திருக்கலாம். இதே ரோட்டை நாலு வழியாக்குகிறோம் என்று 2011இல் தோண்ட ஆரம்பித்தவர்கள் இன்றுவரை முடித்தபாடில்லை.

கர்நாடகத்தில் கார்வார் காளி ஆற்றிலும் அதே கதை, 2024 ஆகஸ்ட் 7 நடுராத்திரி. பழைய பாலம் விழுந்தது, பக்கத்துப் புதுப் பாலம் நின்றது. ஆற்றில் விழுந்த லாரி நம்ம தமிழ்நாட்டுப் பையனுடையது. கேபின் மேலே ஏறி நின்றவனைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் அங்கோலா பக்கம் சிரூர். அதை எழுதவே கை வரவில்லை. மலையைச் செங்குத்தாக வெட்டி ரோட்டை அகலப்படுத்தியிருந்த இடம். எதிரே கங்காவளி ஆறு. நடுவில் ஒரு டீக்கடை, வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கத் தோதான நிழல். ஜூலை 16 காலையில் மலை இறங்கி, கடையையும் கடைக்காரர் குடும்பத்தையும் டேங்கரையும் ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. செத்தவர்களில் தமிழ்நாட்டு டிரைவர்களும் உண்டு. கோழிக்கோட்டுப் பையன் ஒருவனுடைய லாரியை செப்டம்பரில்தான் ஆற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

தேதிகளைத் திரும்பப் பார். எல்லாம் ஜூலை, ஆகஸ்ட். ஆனி கடைசியும் ஆடியும். நீ வருகிறேன் என்கிற மாசமும் அதுதான். மாப்பிள்ளை கெட்டிக்காரர், மஸ்கட் ரோட்டில் நன்றாக ஓட்டுவார். ஆனால் அங்கே மலை நனைகிறது எப்போது? சிப்ளூண் பக்கம் பரசுராம் மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கும்போது ஓட்டுகிறவர் கெட்டிக்காரத்தனம் எதற்கும் உதவாது, கேட்டியா.

நல்லது ஒன்றுமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. குந்தாப்பூருக்கு வடக்கே மரவந்தேயில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவே ரோடு. நாசிக் வெங்காயத்தோடு கோழிக்கோடு போகையில் அந்த இடத்தில் மட்டும் ரேடியோவை அணைத்துவிடுவேன். மாஹி புதுச்சேரியைச் சேர்ந்தது, டீசல் விலை குறைவு. பம்ப் முன்னால் லாரி வரிசை தெருவை அடைத்து நிற்கும். 2024இல் பைபாஸ் திறந்த பிறகு ஊருக்குள் போகாமலே தாண்டிவிடலாம். ஆலப்புழையில் கடற்கரை மேலேயே தூக்கிக் கட்டின பைபாஸ் இருக்கிறது, பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். களியக்காவிளைச் செக்போஸ்ட்டில் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்துக் கிடந்ததெல்லாம் 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு போயிற்று. கேரளாவில் ஆறுவழி வேலை இன்னும் நடக்கிறது. 2025 மே மாசம் மலப்புறம் கூரியாட்டில் வயலுக்கு மேலே மண் போட்டு உயர்த்தின புது ரோடே இடிந்து உட்கார்ந்தது.

ஆகவே இப்படிச் செய். நீங்கள் நாலு பேரும் நேத்ராவதி எக்ஸ்பிரஸில் திருவனந்தபுரம் போங்கள். கொங்கண் ரயில்வே மழைக்காலத்துக்குத் தனி அட்டவணை போட்டு வண்டியை மெதுவாகத்தான் விடும், நேரம் கூடும், பரவாயில்லை. ஆறும் அருவியும் ரோட்டில் தெரிவதைவிட ஜன்னலில் நன்றாகத் தெரியும். திருவனந்தபுரத்தில் கார் எடுத்தால் மார்த்தாண்டம் பாலம் ஏறி இறங்கி நம் வீடு. கார்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை நின்றால், புனே, ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழி போகட்டும். நடுவில் பெங்களூரில் சித்தி வீட்டில் தங்கலாம்.

மரவந்தேயை நான் ஒரு டிசம்பரில் காட்டுகிறேன். ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் புக்கிங் திறக்கும், ஜூலைக்கு அடித்துப்பிடித்து எடுப்பார்கள். அதனால் நாலு பேர் பெயரும் வயசும் இந்த வாரமே அனுப்பு. சின்னவனுக்கு அஞ்சு வயசு முடிந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள், டிக்கெட் எடுக்க வேண்டுமே.

அன்புடன்,
அப்பா